ரூஸ்வெல்ட் எதை மறைத்தார், எதை மறைக்கவில்லை

பன்னிரண்டு வருடம் அமெரிக்க அதிபராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டால் நடக்கவே முடியாது, அது அந்த நாட்டு மக்களுக்குக் கடைசிவரை தெரியாது என்கிறார்களே, அதை எப்படி மறைத்தார்கள், இன்று ஒரு தலைவரால் அப்படி மறைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது. இரண்டு வயதில் எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. நாற்பது வருடங்களுக்கு மேலாக இரண்டு காலிலும் காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர், கக்கத்தில் கட்டை. ரூஸ்வெல்ட்டைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்ததற்கு அதுதான் காரணம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அவருக்குப் போலியோ வந்தது மக்களுக்குத் தெரியும். நோய் கண்ட அடுத்த மாதமே, 1921 செப்டம்பரில், நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே செய்தி வந்துவிட்டது. அவர் அதிபரானதும், அவருடைய கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வெள்ளை மாளிகையில் நீச்சல் குளம் கட்ட வேண்டும் என்று நியூயார்க்கின் டெய்லி நியூஸ் பத்திரிகை வசூலில் இறங்கியது. பள்ளிப் பிள்ளைகள்கூடச் சில்லறை அனுப்பினார்கள். 1933 ஜூனில் குளம் திறந்தாயிற்று. தெரியாத விஷயத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?

மக்களுக்குத் தெரியாமல் போனது, அந்த நோய் அவரிடம் எவ்வளவு மிச்சம் வைத்தது என்பதுதான். நோய் வந்தது, போராடினார், மீண்டுவிட்டார், நடையில் மட்டும் கொஞ்சம் சாய்வு இருக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். உண்மையில் எதையாவது பிடிக்காமல் அவரால் ஒரு நொடி நிற்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத்தான் அவரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் ஏறக்குறைய 24 வருடம் பாடுபட்டுக் காப்பாற்றினார்கள்.

1921 ஆகஸ்ட். கனடாவைச் சேர்ந்த காம்போபெல்லோ தீவில் குடும்பத்தின் கோடைக்கால வீடு. ரூஸ்வெல்ட்டுக்கு வயது 39. முந்தைய ஆண்டுதான் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்று தோற்றிருந்தார். ஒருநாள் பிள்ளைகளோடு படகில் போனார், வழியில் கண்ட காட்டுத் தீயை அணைத்தார், குளிர்ந்த நீரில் நீந்தினார், ஈர உடையோடு உட்கார்ந்து கடிதங்கள் படித்தார். ராத்திரி குளிர் எடுத்தது. மறுநாள் ஒரு கால் தளர்ந்தது, அதற்குப் பின் மற்றதும். முதலில் வந்த உள்ளூர் டாக்டர் ஜலதோஷம் என்றார். அடுத்து வந்த பெயர்பெற்ற அறுவை மருத்துவர் தண்டுவடத்தில் ரத்தக்கட்டு என்று சொல்லிக் கால்களை அழுத்திப் பிடித்துவிடச் சொன்னார். தொட்டாலே உயிர் போகும் வலி இருக்கும் நேரத்தில் அந்தத் தசைகளைப் பிடித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 25-ம் தேதி பாஸ்டனிலிருந்து வந்த ராபர்ட் லவெட் என்ற நிபுணர்தான் போலியோ என்று சொன்னார். (ரூஸ்வெல்ட்டின் வயதையும் அறிகுறிகளையும் வைத்து அது கில்லான்-பாரே என்ற நரம்பு நோயாக இருந்திருக்கலாம் என்று 2003-ல் சில மருத்துவர்கள் எழுதினார்கள். முடிந்த முடிவு இல்லை. கால்களைப் பொறுத்தவரை எந்தப் பெயரும் ஒன்றுதான்.)

தோற்றத்தைக் காக்கும் வேலை அந்தத் தீவிலேயே ஆரம்பமாகிவிட்டது. லூயி ஹவ் என்று ஒருவர். பத்திரிகையாளராக இருந்து ரூஸ்வெல்ட்டின் அரசியல் ஆலோசகர் ஆனவர். செப்டம்பரில் நோயாளியை நியூயார்க் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கரைக்கு இறக்கி, மோட்டார் படகில் ஏற்றி, அமெரிக்கப் பக்கத்திலுள்ள ஈஸ்ட்போர்ட்டில் ரயில் பெட்டியின் ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார்கள். நிருபர்களை ஹவ் வேறொரு படகுத்துறையில் காத்திருக்க வைத்திருந்தார். அவர்கள் ஓடிவந்து பார்த்தபோது, ஜன்னலோரம் தலையணையில் சாய்ந்தபடி, சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் பேசும் ரூஸ்வெல்ட்டைத்தான் கண்டார்கள். தூக்கிக்கொண்டு வந்ததை யாரும் பார்க்கவில்லை. அடுத்த கால் நூற்றாண்டுக்கு இதுதான் முறை: வந்து சேர்ந்த பிறகு பார்க்கலாம், வந்து சேர்வதைப் பார்க்கக் கூடாது. முதல் பக்கச் செய்தியிலும் அவர் முடமாகிவிட மாட்டார் என்று மருத்துவர் உறுதி கூறியதாகவே அச்சானது.

இங்கே காலிப்பர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போட்டுப் பார்க்காதவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியாது. இடுப்பிலிருந்து செருப்பு வரை இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, நடுநடுவே தோல் வார். முட்டியருகே ஒரு லாக். உட்காரும்போது அதை விடுவித்துக் காலை மடக்க வேண்டும். எழும்போது காலை நீட்டி, க்ளிக் என்ற சத்தம் கேட்கும்வரை போட வேண்டும். லாக் விழுந்ததும் இரண்டு கால்களும் இரண்டு கம்பங்கள். கம்பத்தின் மேல் உடம்பை நிறுத்தி வைப்பது கையின் வேலை, தோளின் வேலை. லாக் நழுவினால் விழுவதற்கு முன் யோசிக்கக்கூட நேரம் இருக்காது. ரூஸ்வெல்ட் தன் காலிப்பருக்குக் கருப்பு வர்ணம் பூசினார், கருப்பு பேன்ட், கருப்பு ஷூ போட்டார். உட்காரும்போது கணுக்காலருகே தெரியும் இரும்பு கண்ணில் படாமலிருக்க அதுதான் வழி. என் அம்மாவும் சின்ன வயதில் எனக்குக் கரும்பச்சை, கருநீலம் என்றே பேன்ட் எடுப்பார். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத பாடம் அது.

1924 ஜூன் 26. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கட்சி மாநாடு. அதிபர் வேட்பாளராக நியூயார்க் ஆளுநர் அல் ஸ்மித்தின் பெயரை முன்மொழிய ரூஸ்வெல்ட் பேச வேண்டும். மூன்று வருடம் அரசியலில் தலை காட்டாதவர். மேடையில் நாற்காலியிலிருந்து பேச்சு மேசைக்குச் சுமார் 15 அடி. வீட்டு நூலக அறையில் அதே தூரத்தை அளந்து, பல நாட்கள் நடந்து பழகினார். மாநாட்டு நாளில் 16 வயது மகன் ஜேம்ஸின் கையைப் பிடித்து மேடைவரை வந்தார். பேசும் முன் ஒரு கட்சிக்காரரிடம் அந்த மேசையை ஆட்டிப் பார்க்கச் சொன்னார், தன் எடையைத் தாங்குமா என்று. பிறகு மகனை விட்டுவிட்டு இரண்டு கட்டைகளோடு தனியாக நடந்தார். ஆயிரக்கணக்கானோர் இருந்த கூடம் மூச்சடைத்துப் பார்த்தது. மேசையை அடைந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு சிரிப்பு. கூடம் இடிந்துவிழும் அளவுக்கு ஆரவாரம்.

அந்தத் தலையசைப்பைக் கவனியுங்கள். பேச்சாளர் கையை ஆட்டுவார், விரலை நீட்டுவார். ரூஸ்வெல்ட்டின் கைகள் அவரை நிறுத்திவைக்கும் வேலையில் இருந்தன. அதனால் அவருடைய கழுத்தும் தாடையும் புருவமும் குரலும் கைகளின் வேலையையும் சேர்த்துச் செய்தன. நிமிர்ந்த தாடையும் வாயோரச் சிகரெட் குழாயும் பிற்காலத்தில் அவருடைய அடையாளமாகிக் கேலிச்சித்திரக்காரர்களுக்கு வாடிக்கையானது. அதைத் தன்னம்பிக்கையின் சின்னமாக உலகம் பார்த்தது. கட்டை ஊன்றி நிற்கும் எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது.

மாநாடு 103 சுற்று வாக்கெடுப்பு நடத்திக் கடைசியில் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. ஸ்மித் தோற்றார். ரூஸ்வெல்ட் அரசியலுக்குத் திரும்பிவிட்டார் என்பது மட்டும் எல்லோர் மனதிலும் நின்றது.

ஆனால் கட்டை என்பது ஒரு படம். அதைப் பார்க்கிற கண்ணுக்கு உடனே இரக்கம் வந்துவிடும், இரக்கம் வந்த இடத்தில் ஓட்டு வராது என்பதை அவர் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார். ஆகவே அடுத்த நான்கு வருடம் ஒரு புது நடை கற்றார். ஒரு பக்கம் பலமான ஒருவர் முழங்கையை மடக்கி இரும்புபோல வைத்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் முழுப் பாரத்தையும் போட்டு, மறு கையில் கைத்தடியை ஊன்றி, இடுப்பை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் ஆட்டிக் காலை முன்னே எறிய வேண்டும். பார்ப்பவருக்கு, அப்பாவும் மகனும் கைகோத்துப் பேசிக்கொண்டே நடந்து வருவதுபோல் இருக்கும். மகன்களுக்கு அவர் சொல்லிவைத்தது, தரையைப் பார்க்காதே, முகத்தில் வேதனையைக் காட்டாதே, சிரித்துப் பேசிக்கொண்டே வா என்று. 1928-ல் ஹூஸ்டன் மாநாட்டில் மகன் எலியட்டின் கையைப் பிடித்து, கட்டைகள் இல்லாமல், அப்படித்தான் மேடைக்கு வந்தார். அரங்கில் இருந்தவர்கள் கண்டது ஏறக்குறைய குணமாகிவிட்ட ஒரு மனிதரை. பையனின் கையில் நகக்குறி பதிந்திருந்தால்கூட யாருக்குத் தெரியும்?

இந்தப் பயிற்சியெல்லாம் பெரும்பாலும் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில். வெந்நீர் ஊற்று உள்ள சிற்றூர். 1924-ல் முதல்முறை போனார், 1926-ல் சுமார் 2 லட்சம் டாலர், அதாவது தன் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு, போட்டு அந்த இடத்தையே வாங்கினார், போலியோ நோயாளிகளுக்கான சிகிச்சை மையமாக்கினார். அங்கே அவர் எதையும் மறைக்கவில்லை. குச்சிக் கால்களோடு மற்ற நோயாளிகளுடன் குளத்தில் பந்து விளையாடினார், சக்கர நாற்காலியில் சுற்றினார், கைகளாலேயே ஓட்டும்படி மாற்றிய ஃபோர்டு காரில் கிராமங்களுக்குப் போய் விவசாயிகளிடம் பேசினார். தம்மைப் போன்றவர்கள் நடுவில் இருக்கும்போது உடம்பிலிருந்து இறங்கும் அந்தப் பாரம் எனக்கு நன்றாகவே தெரியும். ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: அந்த மையம் வெள்ளையர்களுக்கு மட்டும். கறுப்பின நோயாளிகளுக்கு 1941-ல்தான் அலபாமாவின் டஸ்கீகியில் தனி மையம் வந்தது.

1928-ல் நியூயார்க் ஆளுநர் தேர்தல். உடம்பு முடியாதவரை நிறுத்துகிறார்களே என்று எதிர்த்தரப்பு பரிதாபப்படுவதுபோல் பேசியது. ஆளுநர் ஒன்றும் கழைக்கூத்தாடியாக இருக்க வேண்டியதில்லை, குட்டிக்கரணம் போடவா அவரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று அல் ஸ்மித் திருப்பிக் கேட்டார். ரூஸ்வெல்ட்டின் பதில் வேறுவிதம்: ஒரே நாளில் பல ஊர்கள். திறந்த காரின் பின்சீட்டுக்கு முன்னால் ஒரு கம்பி வைத்து, அதைப் பிடித்து எழுந்து நின்று பேசுவார். ஒருமுறை நியூயார்க் நகரின் யார்க்வில் பகுதிக் கூடத்தில், கூட்டத்தைக் கடந்து போக முடியாததால், கட்டடத்தின் பின்பக்கத் தீயணைப்புப் படிக்கட்டு வழியாக ஆட்கள் அவரைத் தூக்கிப்போனார்கள். மேலே போனதும் காலிப்பரைச் சரிசெய்து, மகன் ஜேம்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாய் மேடையேறினார். பிற்காலத்தில் அவருடைய அமைச்சரவையில் இருந்த, அமெரிக்காவின் முதல் பெண் அமைச்சர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் இதை நேரில் பார்த்தவர். பிறருடைய உதவியைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்ளும் பணிவைத்தான் அவர் அன்று கண்டதாகச் சொல்கிறார்.

நான் படித்த கல்லூரியில் தேர்வு மண்டபம் இரண்டாம் மாடியில். மூன்று வருடமும் நண்பர்கள் இருவர் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். அப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் தேர்வைவிடப் பெரிய கவலை. சிரித்தால் விளையாட்டாகிவிடும், சிரிக்காவிட்டால் பார்ப்பவர்களின் முகம் மாறிவிடும். யார்க்வில் படிக்கட்டில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆளுநர் தேர்தலில் ரூஸ்வெல்ட் சுமார் 25,000 ஓட்டில் வென்றார். அதிபர் பதவியை நோக்கி நகர்ந்தபோது உடம்பைப் பற்றிய சந்தேகத்தை அவரே முந்திக்கொண்டு எதிர்கொண்டார். 1930-ல் 5 லட்சம் டாலருக்கும் மேல் ஆயுள் காப்பீடு எடுத்து, பரிசோதித்த மருத்துவர்கள் தந்த நல்ல முடிவுகளைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். மறுவருடம் லிபர்ட்டி என்ற வார இதழ், அதிபராகும் உடல்தகுதி ரூஸ்வெல்ட்டுக்கு இருக்கிறதா என்று கேட்டு ஒரு கட்டுரை போட்டது. மூன்று மருத்துவர்கள் பரிசோதித்துத் தகுதி உண்டு என்றார்கள். சவால் விடுவதுபோல் தொடங்கும் அந்தக் கட்டுரையை எழுதியவர் ரூஸ்வெல்ட் தரப்போடு தொடர்பில் இருந்தவர். கேள்வியையும் தாமே கேட்டுப் பதிலையும் தாமே சொல்வது பிரச்சாரத்தில் பழைய வித்தை.

வெள்ளை மாளிகைக்கு வந்த பிறகு வித்தை ஒரு நிர்வாகமாகவே மாறியது. அவருடைய சக்கர நாற்காலி மருத்துவமனை நாற்காலி மாதிரி இருக்காது. கைப்பிடி இல்லாத ஒரு சாதாரணச் சமையலறை நாற்காலிக்குச் சின்னச் சக்கரங்கள் பொருத்தி அவரே யோசித்துச் செய்தது. குறுகலான கதவிலும் நுழையும், பார்த்தால் நாற்காலிபோலவே இருக்கும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக மட்டும் அது. போனதும் வேறு இருக்கைக்கு மாறிவிடுவார். விருந்தினர் உள்ளே வரும்போது அவர் ஏற்கெனவே மேசையில் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்தபடி ஓவர்கோட் மாட்டுவது கடினம், அதனால் கடற்படையினர் அணியும் மேலங்கியைத் தோளில் போட்டுக்கொண்டார், அதுவும் ஒரு கம்பீரமாகிவிட்டது. அவர் பேசும் ஊர்களில் பாதுகாப்புப் படையினர் முன்கூட்டியே போய்ச் சரிவுப் பாதை கட்டினார்கள், பேச்சு மேசையைத் தரையோடு முடுக்கினார்கள், சில இடங்களில் காரே மேடைமீது ஏறும்படி செய்தார்கள்.

பத்திரிகைகள் ஏன் படம் எடுக்கவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். ஆளுநர் தேர்தல் காலத்திலேயே, காரிலிருந்து இறங்குவதைப் படம்பிடிக்க வேண்டாம் என்று ஒளிப்படக்காரர்களிடம் சிநேகமாகக் கேட்டுக்கொண்டவர் அவர். அதிபரானதும் அந்த வேண்டுகோள் வழக்கமானது. பெரும்பாலானோர் மரியாதையாக மதித்தார்கள். மீறிய சிலருடைய கேமராவைப் பாதுகாவலர்கள் பிடுங்கி ஃபிலிமைக் கெடுத்ததும் உண்டு. அவர் சக்கர நாற்காலியில் இருக்கும் படங்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. அதில் மிகப் பிரபலமானது 1941-ல் அவருடைய உறவினரும் தோழியுமான மார்கரெட் சக்லி எடுத்தது. மடியில் ஃபாலா என்ற நாய், பக்கத்தில் ஒரு சிறுமி. வீட்டு ஆல்பத்துக்காக எடுத்த படம். அதில் இருக்கும் மனிதர் மேடையில் இருப்பவரைவிட எனக்கு அதிகம் பிடித்தவர்.

இவ்வளவு காவலையும் மீறி ஒருநாள் நடந்தது. 1936 ஜூன் 27, ஃபிலடெல்பியா. திறந்தவெளி மைதானத்தில் சுமார் 1 லட்சம் பேர். மகன் ஜேம்ஸின் கையைப் பிடித்து மேடையை நோக்கி வரும்போது, வெள்ளைத் தாடியோடு நின்றிருந்த முதிய கவிஞர் எட்வின் மார்க்கமைக் கண்டு கை கொடுக்கத் திரும்பினார். முட்டி லாக் விட்டுவிட்டது. விழுந்தார். பேச்சுத் தாள்கள் சிதறின. சுற்றியிருந்தவர்கள் மறைத்து நின்று, தூக்கி நிறுத்தி, லாக்கைப் போட்டு, துடைத்துவிட்டார்கள். முகம் வெளிறி, கோபத்தோடு நகர்ந்தவர், அந்தக் கவிஞர் கண்ணீரோடு நிற்பதைப் பார்த்ததும் நின்று, அவருக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் போனார். சில நிமிடங்களில் ஒலிவாங்கி முன் நின்று, இந்தத் தலைமுறைக்கு விதியோடு ஒரு சந்திப்பு இருக்கிறது என்ற புகழ்பெற்ற பேச்சைப் பேசினார். மறுநாள் நாடு பேசியது அந்த வாசகத்தைப் பற்றித்தான். லாக் நழுவி விழுந்த அனுபவம் உள்ள யாருக்கும் தெரியும், அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குக் கை நடுக்கம் அடங்காது.

இதையெல்லாம் படிக்கும்போது போலியோ என்ற சொல்லையே அவர் ஒதுக்கியிருப்பார் என்று தோன்றும். நேர்மாறு. 1934 ஜனவரி 30 முதல் அவருடைய பிறந்தநாளில் நாடெங்கும் நடன விருந்துகள் நடத்திப் போலியோவுக்கு நிதி திரட்டினார்கள். 1938-ல் இளம்பிள்ளை வாதத்துக்கான தேசிய அறக்கட்டளையைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு பத்து சென்ட் நாணயத்தை வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்று வானொலியில் நகைச்சுவைக் கலைஞர் எடி கேன்டர் கேட்டதும், 26 லட்சத்து 80 ஆயிரம் நாணயங்கள் தபாலில் வந்து குவிந்தன. அந்தப் பணத்தின் வழியில்தான் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி வந்தது. அது பலிக்கிறது என்ற அறிவிப்பு 1955 ஏப்ரல் 12-ல், ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்தாம் ஆண்டில். அவர் முகம் இன்று அந்தப் பத்து சென்ட் நாணயத்தில்தான் இருக்கிறது. ஆக, நோயைத் தன் பெயரோடு சேர்த்து ஊரறியச் சொன்னவர், அதன் மிச்சத்தை மட்டும் மூடி வைத்தார். நோயை வென்றவனாகக் காட்டிக்கொண்டார். அதனோடு தினமும் வாழ்கிறவனாகக் காட்டவில்லை.

இது ஏமாற்றா? என் கருத்தைச் சொல்கிறேன். கால் வராது என்பதை மறைத்ததில் ஓட்டுப் போட்டவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. பொருளாதாரப் பெருமந்தத்தில் மூழ்கிய நாட்டை நடத்தக் கால் தேவைப்படவில்லை. அந்தக் காலத்தில் கால் வராதவரை வீட்டின் பின்னறையில் வைப்பார்கள், மூளையும் சேர்ந்து போய்விட்டதாகவே எண்ணுவார்கள். அப்படிப்பட்ட கண்களிடமிருந்து அவர் தன்னைக் காத்துக்கொண்டார். உண்மையான மறைப்பு 1944-ல் நடந்தது. அந்த மார்ச்சில் ஹோவர்ட் புரூன் என்ற இளம் இதய மருத்துவர் பரிசோதித்தபோது ரத்த அழுத்தம் 186/108, இதயம் வீங்கிச் செயல் தளர்ந்திருந்தது. மக்களுக்குச் சொன்னதோ மூச்சுக்குழாய் அழற்சி, வயதுக்கேற்ற நல்ல உடல்நிலை என்று. அந்த நிலையில் நான்காம் முறை தேர்தலில் நின்றார். அக்டோபரில் நியூயார்க்கில் கொட்டும் மழையில் திறந்த காரில் மணிக்கணக்காக ஊர்வலம் போய்க் காட்டினார். வழியில் நிறுத்திக் காய்ந்த உடை மாற்றிவிட்டுத் தொடர்ந்தார். உயிருக்கே ஆபத்தான நோயை மறைப்பதும், வேலைக்குத் தடையில்லாத ஊனத்தை மறைப்பதும் ஒன்றாகாது. முன்னதைக் கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ரூஸ்வெல்ட் தன் உடம்பை மறைத்தார் என்று சொல்பவர்கள், அறியாமலே ஊனத்தை நோயோடும் தகுதியின்மையோடும் சேர்த்துவிடுகிறார்கள்.

1945 மார்ச் 1. உலகப்போரின் கடைசிக் கட்டத்தில் நேச நாட்டுத் தலைவர்கள் கூடிய யால்டா மாநாட்டிலிருந்து திரும்பி நாடாளுமன்றத்தில் பேச வந்தவர், முதல்முறையாக உட்கார்ந்து பேசினார். இப்படி உட்கார்ந்திருப்பதற்கு மன்னிக்க வேண்டும், காலில் சுமார் 10 பவுண்டு எஃகைச் சுமக்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது, 14,000 மைல் பயணம் முடித்து வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்தார். 10 பவுண்டு என்றால் நாலரைக் கிலோ. பன்னிரண்டு வருடப் பதவிக்காலத்தில் அந்த இரும்பைப் பற்றி அவர் அவையில் வாய் திறந்தது அன்றுதான். ஆறு வாரத்தில், ஏப்ரல் 12-ல், அதே வார்ம் ஸ்பிரிங்ஸில் இறந்தார்.

இன்று மறைக்க முடியுமா என்றால், கையிலெல்லாம் கேமரா இருக்கும்போது முடியாது. ஆனால் காட்டும் விதத்தை இன்றும் தலைவர்கள் செதுக்கத்தான் செய்கிறார்கள். ஜெர்மனியின் பழைய பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், பிறக்கும்போதே பழுதுபட்டுச் சுமார் 15 செ.மீ. குட்டையாகிவிட்ட இடது கையை வாள் பிடியிலும் கையுறையிலும் ஒளித்துப் படமெடுத்துக்கொண்டார். அதே நாட்டில் வொல்ஃப்காங் ஷாய்ப்லே 1990 அக்டோபரில் தேர்தல் கூட்டத்தில் சுடப்பட்டு மார்புக்குக் கீழ் செயலிழந்தார். சில வாரங்களிலேயே வேலைக்குத் திரும்பி, சக்கர நாற்காலியிலேயே நிதியமைச்சராகவும் நாடாளுமன்றத் தலைவராகவும் இருந்தார். ஒரு முடவன் ஜெர்மனியின் தலைமை அமைச்சராகலாமா என்ற கேள்வியை 1997-ல் ஒரு பேட்டியில் அவரே, அந்தக் கடுமையான சொல்லோடே, எடுத்துப் பேசினார். மறைப்பதை விட்டு, ஊரின் மனதில் இருப்பதை முதலில் தானே சொல்லிவிடும் வழி அது. டெக்சாஸ் ஆளுநர் கிரெக் ஆபட் 2014 தேர்தல் விளம்பரத்தில் வாகன நிறுத்தக் கட்டடத்தின் சரிவுகளில் சக்கர நாற்காலியைத் தானே தள்ளித் தள்ளி மேலேறினார். பார்க்க உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் அதுவும் 1924 மேடையின் அந்த 15 அடிதான். உடம்பு முடியாதவன் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு மன உறுதி காட்டினால்தான் சமமாக எண்ணப்படுவான் என்ற நிபந்தனை அங்கேயே நிற்கிறது.

நம் ஊரில் மு. கருணாநிதி 2009-ல் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குப் பின் சக்கர நாற்காலிக்கு வந்தார். யாரும் கேமராவைப் பிடுங்கவில்லை. அதில் உட்கார்ந்தே ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்து, 2016-ல் 91 வயதில் திருவாரூரில் 68,366 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வயோதிகத்தில் வந்த நாற்காலியை மக்கள் மரியாதையோடு ஏற்றார்கள். ஆனால் இருபது வயதிலிருந்தே சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கு நம் கட்சிகள் எத்தனை தொகுதி கொடுத்திருக்கின்றன என்று யோசித்தால் எனக்கு மனம் கனத்துவிடுகிறது. மாற்றுத்திறனாளி என்ற சொல் அரசாணைக்கு வந்தது கருணாநிதியின் ஆட்சியில்தான். வேட்பாளர் பட்டியலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

வாஷிங்டனில் ரூஸ்வெல்ட் நினைவிடம் 1997 மே மாதம் திறக்கப்பட்டபோது பெரிய சண்டை. அங்கிருந்த சிலையில் அவர் உட்கார்ந்திருக்கிறார், மேலங்கி முழுவதையும் மூடியிருக்கிறது, பின்னால் போய்க் குனிந்து பார்த்தால்தான் நாற்காலியின் குட்டிச் சக்கரம் தெரியும். அவரே மறைத்ததை நாம் ஏன் காட்ட வேண்டும் என்று ஒரு தரப்பு. ஊனமுற்றோர் அமைப்புகள் விடவில்லை. 16 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டி, 2001 ஜனவரியில் நுழைவாயிலிலேயே, சக்கர நாற்காலியில் உட்கார்ந்த ரூஸ்வெல்ட் சிலையை வைத்தார்கள். பீடம் இல்லை, தரை மட்டத்திலேயே இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் பக்கத்தில் போய் நிறுத்தித் தொட்டுப் பார்க்கலாம். நான் இந்தச் சிலையின் பக்கம். அவர் மறைத்தது அன்றைய கண்களுக்காக. அந்தக் கண்களை இறந்த பிறகும் அவர்மேல் சுமத்த வேண்டியதில்லை.

அவரே ஒருமுறை மறைக்காமல் வெளியே வந்திருக்கிறார். 1944 ஜூலையில் ஹவாய்க்கு பால்டிமோர் என்ற போர்க்கப்பலில் போனார். அவரை நாற்காலியில் தள்ளிப்போகும் அபூர்வமான எட்டு நொடி ஃபிலிம் ஒன்று பல வருடம் கழித்து 2013-ல் வெளிச்சத்துக்கு வந்தது, அது இந்தப் பயணத்தில், அந்தக் கப்பலில் எடுத்தது. ஓஹூ தீவிலுள்ள ராணுவ மருத்துவமனைக்குப் போனபோது, கை கால் இழந்த வீரர்கள் இருக்கும் வார்டுக்குள் தன்னைச் சக்கர நாற்காலியில் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். காலிப்பர் இல்லை, கைத்தடி இல்லை, பிடித்துக்கொள்ள மகன் இல்லை. ஒவ்வொரு கட்டிலருகிலும் நிறுத்தச் சொல்லி, தன் கால்கள் அந்தப் பையன்களின் கண்ணில் படும்படி இருந்து, பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கூட இருந்த அவருடைய ஆலோசகர் சாமுவேல் ரோசன்மன், வார்டை விட்டு வெளியே வரும்போது அதிபரின் கண்கள் கலங்கியிருந்ததாக எழுதியிருக்கிறார்.